மூன்று விரல் உப்பு: வங்கதேசத்தில் ஏழு நாட்கள்

முதல் நாள்: டாக்கா

டாக்சிக்காரரிடம் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தின் முழுப்பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். விழித்தார். மொஹாகாலி என்று இடத்தின் பெயரைச் சேர்த்ததும் முகம் தெளிந்தது. “கொலேரா ஹாஷ்பாதால்!” என்றார். டாக்காவில் யாரைக் கேட்டாலும் அந்த இடம் காலரா ஆஸ்பத்திரிதான்.

1960-இல், பனிப்போர்க் காலத்து ராணுவக் கூட்டணியான சியாட்டோவின் ஆதரவில் ஒரு காலரா ஆய்வுக்கூடமாக இது தொடங்கியது. அப்போது வங்கதேசம் என்ற நாடே கிடையாது. 1978-இல்தான் பல நாடுகள் கைகொடுக்கும் பன்னாட்டு மையமாக மாறியது.

வார்டில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் நடுவிலும் வட்டமாக ஓர் ஓட்டை. மேலே விரித்திருக்கும் ரெக்சினிலும் அதே இடத்தில் ஓட்டை. கீழே ஒரு வாளி. காலரா முற்றியவரால் எழுந்து நடக்க முடியாது. படுத்தபடியே நீராகப் போய்க்கொண்டிருக்கும். செவிலியர் ஒருவர் வாளிக்குள் அளவுகோலை விட்டு எடுத்தார். நனைந்திருந்த கோட்டைப் பார்த்தார். கட்டிலில் தொங்கிய தாளில் ஓர் எண்ணை எழுதினார். உடம்பிலிருந்து எவ்வளவு வெளியே போயிற்றோ அவ்வளவும் உள்ளே போயாக வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கு தவறினால் காலை நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்துவிடுவார். சரியாக இருந்தால் மறுநாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார்.

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை. கண்கள் குழிவிழுந்திருந்தன. அதன் அம்மா ஒரு கிண்ணத்திலிருந்து கரண்டி கரண்டியாக உப்புச்சர்க்கரைக் கரைசலைப் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வாந்தி எடுத்தது. அம்மா துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, மறுபடி கரண்டியை எடுத்தார். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இங்கே யாரிடமும் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. கூட்டம் பெருகினால் வெளியே கூடாரம் போடுவார்கள். 2022-இல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்த நாட்கள் உண்டு.

நிமோனியா குழந்தைகளுக்கான பகுதியில் ஒரு ஷாம்பு பாட்டிலைக் காட்டினார்கள். இந்த ஆஸ்பத்திரியின் மருத்துவர் முகம்மது ஜொபாயர் சிஷ்டி, ஆஸ்திரேலியாவில் பார்த்த விலையுயர்ந்த சுவாசக் கருவியின் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலையும் சில குழாய்களையும் வைத்து அதே வேலையைச் செய்யவைத்தார். குழந்தை மூச்சு விடும்போது குழாயின் மறுமுனை நீரில் குமிழிவிடும். அந்த அழுத்தம் நுரையீரலின் சிற்றறைகளை மூடவிடாமல் திறந்து வைத்திருக்கும். இப்போது இந்த முறை எத்தியோப்பியாவின் ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கண்டது டாக்காவில் உருமாறி ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கிறது. உலகமயம் என்றால் சரக்குக் கப்பல் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் அந்தப் பாட்டிலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் இதே நிறுவனத்தில்தான், 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. மொஹாகாலியில் ஆயிரம் வீடுகளில் அடுப்பு.

நான் இங்கே வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனம், வெளிநாட்டு நிதியில் 400 வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டிகள் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் நானே நின்று படம் எடுத்தேன். அறிக்கை எழுதினேன். நிதி கொடுத்தவர்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த 400 வீடுகளில் ஒன்றுக்குக்கூட நாங்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அந்த வடிகட்டிகள் என்னவாயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாளியில் அளவுகோலை விட்டுப் பார்க்கும் மனிதர்களைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்: சதர்காட்டிலிருந்து சாந்த்பூர்

சதர்காட்டில் லாஞ்ச் ஏறினேன். வழித்துணையாக ஒரு பல்கலைக்கழக மாணவர் வருகிறார். சாந்த்பூர்க்காரர், மொழிபெயர்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டவர். நான் அவரை பாய் (சகோதரர்) என்கிறேன், அவர் என்னைத் தீதி (அக்கா) என்கிறார். புரிகங்கையின் தண்ணீர் கறுத்து நாறியது. கரையோரத்துச் செங்கல் சூளைகள் பின்னால் போகப் போக ஆறு அகன்றுகொண்டே வந்தது. மேக்னாவுக்குள் நுழைந்தபோது எதிர்க்கரை ஒரு பச்சைக் கோடாக இருந்தது.

கீழ்த்தளத்தில் பாயை விரித்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. சாந்த்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். சொந்த ஊர் குமில்லா பக்கத்துக் கிராமம். எதற்கு வந்திருக்கிறாய் என்று கேட்டார். காலரா ஆஸ்பத்திரியைப் பார்த்ததாக பாய் சொன்னதும், வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் குவிந்திருந்தன.

“ஏக் சிம்டி லொபொன்” என்றார். ஒரு சிட்டிகை உப்பு. பிறகு கையைப் பிடியாக மூடினார். “ஏக் முட் குர்.” ஒரு பிடி வெல்லம். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு பாத்திரத்தை இரண்டு கைகளாலும் தூக்கினார். “ஆதா ஷேர் பானி.” அரை சேர் தண்ணீர்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கற்றது. சொல்லிக்கொடுத்த பெண்ணின் சேலை நிறம்கூட நினைவிருக்கிறது என்றார்.

இதன் பின்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலரா, குடலிலிருந்து நீரைக் கொட்ட வைக்கிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே நுழையும் ஒரு வாசலை மட்டும் அது கெடுப்பதில்லை. அந்த வாசல் வழியே இரண்டும் போனால் தண்ணீரும் கூடவே போகும். 1968-இல் டாக்காவின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதை நிறுவிக் காட்டினார்கள். 1971 விடுதலைப் போரின்போது எல்லை தாண்டிய அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் முகாமில் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் கரைசலைப் பெரிய கலன்களில் கலந்து வைத்து, உறவினர்களையே குவளையில் மொண்டு புகட்டச் சொன்னார். ஏறக்குறைய 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் இதழ் எழுதியது.

ஆனால் லான்செட்டில் வந்தால் குமில்லா கிராமத்துக்கு வந்துவிடுமா? அதற்கு வேறு ஆட்கள் வேண்டியிருந்தது. ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972-இல் தொடங்கிய பிராக் அமைப்பு, 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். பொட்டலம் எதுவும் கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் உப்பு, வீட்டில் இருக்கும் வெல்லம், அந்தத் தாயின் விரல்கள். வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேருக்குக் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள்.

நான் மிகவும் மதிப்பது அடுத்த காரியத்தை. சில வாரம் கழித்து வேறொருவர் அந்த ஊருக்குப் போவார். சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, பத்துக் கேள்வி கேட்பார், கரைசலைக் கலந்து காட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குக் கூலி. எத்தனை வீடு ஏறினாய் என்பதற்கு அல்ல.

அப்படிப் போய்ப் பார்த்ததால்தான் ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. தாய்மார்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் பலர் பயன்படுத்தவே இல்லை. ஏன் என்று துருவினார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்கே அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள். வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசியிருக்கவில்லை. பணியாளர்களுக்கு அதன் அறிவியலைப் புரிய வைத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். பயன்பாடு ஏறியது.

“மறு மாதம் ஓர் ஆள் வந்தார், பரீட்சை மாதிரி” என்று மூதாட்டி சிரித்தார். “என் மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.” பிறகு சிரிப்பு நின்றது. மூத்த பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டதாம். இரண்டாவது பிள்ளைக்குத்தான் இந்த மூன்று விரல் பயன்பட்டது. இப்போது போவது அந்த மகன் வீட்டுக்கு.

மூன்றாம் நாள்: மத்லப்

சாந்த்பூரிலிருந்து சி.என்.ஜி. ஆட்டோவில் மத்லப். வயலும் குளமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு மேட்டிலும் நான்கைந்து வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. அந்த முற்றக் குடும்பத்துக்கு பாரி என்று பெயர்.

உலகில் இவ்வளவு நுணுக்கமாக, இவ்வளவு காலம் எண்ணப்பட்ட கிராமத்து மனிதர்கள் அபூர்வம். 1963-இல் ஆற்றில் ஒரு மிதவையில் ஆஸ்பத்திரி வைத்தார்கள். 1966 முதல் ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு இடப்பெயர்வும் பதிவாகின்றன. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

காலையில் ஒரு களப்பணியாளருடன் நடந்தேன். ஊரே அவரை ஆபா, அக்கா, என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்பு தடித்த பதிவேடுகள். இப்போது கையில் ஒரு டேப்லெட். முதல் பாரியில் முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆபா ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். போன முறை வந்தபோது மருமகளுக்கு ஐந்து மாதம். இப்போது குழந்தை எங்கே என்று கேட்டார். உள்ளேயிருந்து தூக்கி வந்தார்கள். பெயர், பிறந்த நாள், எடை, தாய்ப்பால் கொடுக்கிறாயா, யார் பிரசவம் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம். கடைசியில் மாமனார் வெளியூர் போனது நிரந்தரமா, வேலைக்கா என்று ஒரு கேள்வி. மாமியார் பதில் சொல்லுமுன் கொஞ்சம் தயங்கினார். ஆபா அவசரப்படுத்தவில்லை. டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அந்தத் தயக்கத்தின் பின்னால் ஏதோ இருந்தது. மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று பாயிடம் சைகை காட்டிவிட்டு நான் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

1977-இல் இங்கே ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து, வீட்டு வாசலிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை கொடுத்தார்கள். பாதிக் கிராமங்களில் இந்தச் சேவை. மீதிப் பாதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். படிக்காத, ஏழைக் கிராமத்தில் குடும்பக் கட்டுப்பாடு எடுபடாது என்று அடித்துப் பேசிய நிபுணர்களுக்கு மத்லப் பதில் சொன்னது. கேட்கும் முறையில் கேட்டு, பக்கவிளைவு வந்தால் மறுபடி வந்து கவனித்தால் பெண்கள் ஏற்றுக்கொள்வார்கள். நாடு முழுவதும் அரசின் பெண் பணியாளர்கள் இதே வழியில் வீடு வீடாகப் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல்; இன்று இரண்டைச் சற்றே தாண்டும்.

மீதிப் பாதிக் கிராமங்களைப் பற்றி நான் கேட்டேன். எண்ணப்பட்டார்கள், ஆனால் கூடுதல் சேவை அவர்களுக்கு இல்லை. ஒப்பீடு இல்லாமல் எது பலன் தந்தது என்று நிறுவ முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி, “எங்களை மட்டும் ஏன்?” என்று கேட்டால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆராய்ச்சியால் உலகம் பெற்றதை எழுதும்போது இந்தக் கடனையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

மாலையில் ஆஸ்பத்திரியின் பழைய ஊழியர் ஒருவர் காலரா தடுப்பு மருந்தின் கதையைச் சொன்னார். சுவீடனில் உருவாக்கிய வாய்வழி மருந்தை 1985-இல் மத்லபின் பெண்களும் குழந்தைகளும் குடித்தார்கள். தொழில்நுட்பம் வியட்நாமுக்குப் போனது. அங்கே மலிவாகச் செய்யக் கற்றார்கள். சியோலில் உள்ள பன்னாட்டுத் தடுப்பூசி நிறுவனம் அதை மேம்படுத்தியது. 2009-இல் இந்தியாவில் உரிமம் பெற்று, ஹைதராபாத் நிறுவனம் ஒன்று தயாரித்தது. 2013 முதல் உலகம் முழுமைக்கும் பொதுவான கையிருப்பு வைக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் வெள்ளமோ போரோ வந்து காலரா கிளம்பினால், அங்கே ஒரு குழந்தையின் வாயில் விழும் சொட்டுக்கு மத்லபின் முற்றங்கள் சாட்சி. கையொப்பமிட்ட ஒப்பந்தங்களைவிட இந்தச் சங்கிலிதான் எனக்குப் பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது.

நான்காம் நாள்: மத்லப், சிவப்புக் குழாய்

ஆபாவே இன்று என்னை ஒரு அடிகுழாய்க்கு அழைத்துப் போனார். கைப்பிடி தேய்ந்து வெள்ளி போல மின்னியது. மூக்குப் பகுதியில் மட்டும், துருவின் இடுக்கில், சிவப்புச் சாயம் பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

சிவப்பு என்றால் குடிக்காதே. பச்சை என்றால் குடிக்கலாம்.

குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் செத்ததால், 1970-களிலிருந்து யுனிசெஃபும் அரசும் கிராமம் கிராமமாகக் குழாய்க்கிணறு போட்டன. பிறகு மக்களே தங்கள் செலவில் போட்டுக்கொண்டார்கள். நாட்டின் பெருமிதமாக இருந்த வேலை. நிலத்தடி நீர் சுத்தமானது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக் கிடந்த ஆர்செனிக், காற்றுப் புகாத, மிக ஆழமில்லாத நிலத்தடி அடுக்கில் நீரில் கரைந்திருந்தது. 1993-இல் வங்கதேசத்தில் அது உறுதியானது. 12 கோடியே 50 லட்சம் மக்களில் 3 கோடியே 50 லட்சம் முதல் 7 கோடியே 70 லட்சம் பேர் வரை ஆபத்தில் இருக்கலாம், வரலாற்றிலேயே ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் இது என்று 2000-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை சொன்னது.

அதற்கு முன்பே, 1992-இல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் இங்கே 150 கிணறுகளின் நீரைச் சோதித்திருந்தது. பல தனிமங்களைத் தேடினார்கள். ஆர்செனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். 2006-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. அந்த நிறுவனத்துக்கு அவர்மீது சட்டப்படியான கவனக் கடமை எதுவும் இல்லை என்றது. சட்டத்தின் தர்க்கம் சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை. உதவி செய்யப் போகிறவன் எந்தத் தூரத்தில் நின்றால் பொறுப்பிலிருந்து விடுபடுகிறான்?

குழாயை அடுத்த வீட்டில் ஒரு பெண் தன் உள்ளங்கையைக் காட்டினார். சோளப்பொரி அளவுக்குக் கெட்டிப்பட்ட புள்ளிகள், தொட்டால் சிறு கற்களைத் தொடுவது போல. கழுத்தருகே மழைத்துளி தெறித்தது போன்ற கருமை. திருமணப் பேச்சு இரண்டு முறை இதனால் தட்டிப்போனதாம். தொற்றுநோய் என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்தார்கள். இது தொற்றாது. இதைச் சொல்ல ஆபா எத்தனையோ வீடுகளில் தன் கையைப் பாதிக்கப்பட்டவர் கையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டியிருக்கிறார்.

சாயம் அடித்தது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நாடு முழுக்க ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்தார்கள். பெரிய வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு சாயம் உரிந்தது. புதுக் குழாய்கள் சோதிக்கப்படாமல் முளைத்தன. பாதுகாப்பான ஆழ்குழாய் இந்த பாரியிலிருந்து நடந்து போனால் பத்து நிமிடம். இடுப்பில் குடத்தோடு திரும்பும்போது இன்னும் கொஞ்சம் கூடுதல். அது ஒரு பெரிய வீட்டின் வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

இரவு தூக்கம் வரவில்லை. அந்த 400 வடிகட்டிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வடிகட்டியின் மெழுகு போன்ற வெள்ளைக் குழலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. மாற்றுக் குழல் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: சாவார்

டாக்கா திரும்பி, பஸ்ஸில் சாவார். சாலையோரத்தில் சுத்தியலும் அரிவாளும் ஏந்திய இரண்டு கைகளின் சிலை. பின்னால் களை மண்டிய பள்ளம். ரானா பிளாசா நின்ற இடம்.

2013 ஏப்ரல் 24. எட்டு மாடிக் கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களின் வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேலே இருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரவைத்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். 2,500 பேர் அளவில் காயமடைந்தார்கள்.

இந்த ஆலைகள் வானத்திலிருந்து விழவில்லை. 1974 முதல் 1994 வரை நடப்பிலிருந்த பல்லிழை ஒப்பந்தம், பணக்கார நாடுகளுக்குள் யார் எவ்வளவு துணி அனுப்பலாம் என்று நாடு வாரியாக உச்சவரம்பு வைத்தது. வரம்பை எட்டிவிட்ட தென்கொரியா, வரம்பு இல்லாத இடம் தேடியது. 1970-களின் இறுதியில் அந்நாட்டின் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்தது. 130 பேர் பூசான் நகருக்குப் போய்ப் பயின்று வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு தேஷை விட்டு வெளியேறி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள் அல்லது வேறு ஆலைகளில் சேர்ந்தார்கள். இன்று நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை. ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு வேலை, பெரும்பாலோர் பெண்கள். கிராமத்து வீட்டின் வாசலைத் தாண்டாத பெண்களின் மகள்கள் சொந்தச் சம்பளம் வாங்கினார்கள். இதைச் சிறுமைப்படுத்தி எழுத எனக்கு மனம் வராது. அவர்கள் யாரும் திரும்பிப் போக விரும்பவில்லை. கேட்பதெல்லாம் உயிரோடு வீடு திரும்பவும், வாடகை போக மீதி கையில் நிற்கவும்தான். குறைந்தபட்சச் சம்பளம் 2013-க்கு முன் மாதம் 3,000 டாகா. 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாகா. விலைவாசி ஏறிய வேகத்தைப் பார்த்தால் இது இன்னும் போதாது.

ரானா பிளாசாவின் ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. வேலை நேரம், சம்பளப் பதிவேடு, கழிப்பறை என்று கட்டம் கட்டமாக நிரப்பினார்கள். தூண் தாங்குமா என்ற கட்டம் அந்தத் தாளில் இல்லை. தேடாத ஆர்செனிக் போல.

இடிந்த சில வாரங்களில் அக்கார்டு என்ற ஒப்பந்தம் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களாக எடுக்கும் உறுதிமொழி அல்ல. இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு கையெழுத்திட்ட, சட்டம் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. பொறியாளர்கள் ஆலைகளுக்குள் போய்த் தூணைத் துளைத்துப் பார்த்தார்கள். குறை இருந்தால் கெடு. கெடு முடிந்தால் மறுபடி வந்து பார்ப்பார்கள். சரிசெய்யாத ஆலைக்கு அந்த நிறுவனங்களின் ஆர்டர் கிடையாது. அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாயின. 2023-இல் இதே முறை பாகிஸ்தானுக்கும் போனது.

பிற்பகல் ஓர் ஆலைக்குள் அனுமதி கிடைத்தது. தையல் வரிசையின் இரைச்சலில் பேச முடியவில்லை. கிடங்கின் சுவரில், என் தோள் உயரத்தில், மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. துணிக்கட்டுகளை அதற்கு மேல் அடுக்கக் கூடாது. தளம் தாங்கும் எடை அவ்வளவுதான். மாடிப்படிக் கதவில் பூட்டு இல்லை. தள்ளினால் வெளிப்புறமாகத் திறந்தது. பக்கத்தில் நின்ற பெண் தொழிலாளி என்னைப் பார்த்து, தானும் ஒருமுறை அந்தக் கதவைத் தள்ளித் திறந்து காட்டினார். ரானா பிளாசா விழுந்தபோது அவர் அக்கா பக்கத்துத் தெரு ஆலையில் இருந்தாராம். இப்போதும் தினமும் உள்ளே வரும்போது ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குப் போவாராம்.

ஆறாம் நாள்: மாவா

பத்மா பாலத்தைப் பார்க்க மட்டும் ஒரு நாள். 6.15 கிலோமீட்டர். 2012-இல் ஊழல் குற்றச்சாட்டைச் சொல்லி உலக வங்கி தன் 120 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. 2017-இல் கனடாவில் நடந்த தொடர்புடைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். வங்கதேசம் தன் சொந்தப் பணத்தில், சீன நிறுவனத்தைக் கொண்டு கட்டி 2022 ஜூன் 25-இல் திறந்தது. கரையில் இலிஷ் மீன் பொரித்த கடைக்காரர் ஒவ்வொரு தூணாக எழுந்ததைத் தன் பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்வது போலச் சொன்னார்.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் இலக்கு வைத்தது. விரல்விட்டு எண்ணும் நாடுகளே எட்டின. பிரிட்டன் 2027-க்குள் 0.3-க்கு இறங்கப்போவதாக 2025-இல் அறிவித்தது. பாலத்தை ஒரு நாடு தானே கட்டிக்கொள்ளலாம். வாளியில் அளவுகோல் விடும் செவிலியரின் சம்பளத்துக்கு யார் சுங்கம் வசூலிப்பார்கள்?

ஏழாம் நாள்: மறுபடி டாக்கா

மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் 1975 முதல் இருக்கும் வங்கதேசம் அதிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் ஐரோப்பாவுக்குத் துணி தீர்வையின்றிப் போகிறது. மருந்துக் காப்புரிமை விதிகளிலிருந்து 2033 வரை விலக்கும் அதனால்தான். உள்நாட்டுத் தேவையின் பெரும்பகுதி மருந்தை இவர்களே மலிவாகச் செய்துகொள்கிறார்கள். பட்டியலை விட்டுப் போன நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது ஆண்டுதோறும் வந்து பார்ப்பார்களா?

காலையில் என் பழைய நிறுவனத்தில் உடன் வேலை பார்த்தவருக்கு எழுதினேன். 400 வீடுகளின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. அடுத்த மாதம் இருவரும் போவதாக முடிவாகியிருக்கிறது.

விமானத்துக்கு நேரம் இருந்ததால் விடுதிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் ஓர் உப்புக் கரைசல் பொட்டலம் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்தார். பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பொட்டலத்தின் மேல் இரண்டு விரலை வைத்தபடி, “எவ்வளவு தண்ணீர்?” என்று கேட்டார்.

“அரை லிட்டர்” என்றேன்.

தலையசைத்துவிட்டுச் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.